அழிக்கப்படாத கோடுகள்

இளம் ஓவியர்களுக்கு லியோனார்டோ டா வின்சி கூறிய அறிவுரைகளுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. மனிதர் பேசுவதையும் சினப்பதையும் சிரிப்பதையும் கண்டவுடன் வரைந்துகொள்ள, சிறு குறிப்பேடு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்கிறார். அதன் தாள் சாயமிட்டதாக இருக்க வேண்டும். அப்போதுதான் வரைந்த கோட்டை அழிக்க இயலாது. ஏடு நிறைந்ததும் புதியது எடுக்கலாம். பழையதைப் பேணிக் காக்க வேண்டும்.

1519-இல் அவர் மறைந்தார். கைபட்டுத் தேய்ந்த அவருடைய ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 பக்கங்கள் எஞ்சியுள்ளன. இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், அன்னை மரியாவையும் குழந்தை இயேசுவையும் புனித அன்னாவையும் அவர் வரைந்து பார்த்த தாள் ஒன்று உண்டு. கோட்டின்மேல் கோடாகத் திருத்தித் திருத்தி உருவங்களே கருமையில் மூழ்கிவிட்டன. அந்த இருளினூடே கூர்முனையால் அழுத்தி, தமக்கு வேண்டிய கோட்டை அவர் தேர்ந்துகொண்டார்.

மைக்கேலாஞ்சலோவின் வழி வேறு. 1564-இல், 88 வயதில் இறப்பதற்குமுன், தம் வரைபடங்கள் பலவற்றை அவர் எரித்துவிட்டார். தாம் பட்ட பாடு பிறர் கண்ணில் படலாகாது, நிறைவானவராகவே தாம் தோன்ற வேண்டும் என்பதே காரணம் என எழுதுகிறார், அவரை நேரில் அறிந்த வசாரி. ஆயினும் கல்லை எரிக்க முடியவில்லை. இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை அவர் செதுக்கிய சிற்பம் மிலான் நகரில் உள்ளது. இறந்த மகனைத் தாய் தாங்கும் அவ்வுருவின் அருகே, கைவிடப்பட்ட முந்தைய வடிவத்தின் கை ஒன்று தனித்து நிற்கிறது.

நாம் எவ்வழியினர்? தம் தோல்விகளை மறைத்து வெற்றிகளை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர், அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் முதன்முறை தோற்கும் பிள்ளை, தன் குடும்பத்தில் தான் ஒருவனே தோற்றவன் என்றெண்ணித் தனித்துப்போகிறான். அவனுக்குத் தேவை நம் புகழன்று. நம் பழைய ஏடு.

ஒப்புரவு அருட்சாதனம் நம் குற்றத்தைப் போக்குகிறது, நினைவைப் போக்குவதில்லை. மன்னிக்கப்பட்ட பிழையின் நினைவு, பிறர் பிழையிடம் நம்மைப் பரிவுகொள்ளச் செய்கிறது.

பேதுரு ஆண்டவரை மும்முறை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் எழுதிவைத்துள்ளன. தன் முதல் திருத்தந்தையின் வரலாற்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திருச்சபை கிழித்துவிடவில்லை. சேவல் கூவியபின் அவர் அழுத கண்ணீரும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.