இடி சொன்ன மூன்று சொல்



விநாயகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, ஒரு மழை இரவைப் பற்றியும் அது எனக்குப் புகட்டிய பாடத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றேன்.

2017 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பரிஸில் வாழ்பவர்கள் பலருக்கு அந்த இரவு நினைவிருக்கும். மொன்சூரி வானிலை நிலையத்தில் ஒரே மணித்தியாலத்தில் 49.2 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. 1995 ஜூலை 2 இல் பெய்த 47.4 மில்லிமீற்றரே அதற்கு முந்திய உச்சம். மெத்ரோ நிலையங்கள் பலவற்றுள் வெள்ளம் புகுந்து, அவற்றை மூட நேர்ந்தது.

ரூ லூயி-பிளாங்கில் மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுச் சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பகல் முழுவதும் புழுக்கம். மாலையில் கூரைத் தகடுகளுக்கு மேலே வானம் ஈயம்போல் கறுத்து வந்தது. புறாக்கள் எங்கோ மறைந்துவிட்டன. கீழே கடைக்காரர் ஒருவர் முருங்கைக்காய்ப் பெட்டிகளை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் மின்னல்கள் ஓசையின்றி ஓடின.

ஒன்பது வயது மகன் என்னருகில் நின்று, ஒவ்வொரு மின்னலுக்கும் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கினான். ஒளி கண்ணில் பட்டதிலிருந்து ஓசை காதில் விழும்வரை மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்ற கணக்கைப் பள்ளியில் படித்திருக்கிறான். சரியான கணக்குத்தான். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது.

திடீரென்று சன்னல் கண்ணாடி அதிர ஓர் இடி. எனது தாயார் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்துவந்து, பேரனின் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துச் சென்று, சுவரோடு சுவராக இருந்துகொண்டார். "சன்னலடியில நில்லாதை ராசா" என்றார்.

"அம்மா, இது பரிஸ். பயப்பிடாதேங்கோ" என்றேன். எத்தனையோ ஆண்டுகளாக நான் சொல்லி வரும் வார்த்தை அது.

பேரன் கேட்டான்: "அப்பம்மா, உங்களுக்கு எண்ணத் தெரியாதா? இன்னும் இரண்டு கிலோமீற்றர் இருக்கு."

அம்மா சொன்னார்: "எண்ணத் தெரியும். நாங்களும் எண்ணினனாங்கள். அங்க குத்துற சத்தம் கேட்டால், இங்க வந்து விழுமட்டும் எண்ணுவம்."

பிறகு 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவைப் பற்றி அவனுக்குச் சொல்லத் தொடங்கினார். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட இரவு அது. மழை கொட்டியது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். குடிக்கத் தண்ணீர் இல்லை. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்தி, அம்மா முதலில் எனக்குத் தந்தார். அப்போது எனக்கு 16 வயது. இந்தக் கதையை என் மகனுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லத் தொடங்கிய போதெல்லாம் பேச்சை மாற்றியவனும் நானே.

மெய்யன்பர்களே, பிருகதாரணியக உபநிடதத்தின் 5 ஆம் அத்தியாயத்தில் ஒரு வரலாறு உண்டு. பிரசாபதியிடம் பயின்ற தேவர், மனிதர், அசுரர் ஆகிய மூவகைப் பிள்ளைகளும் உபதேசம் கேட்டனர். அவர் மூவர்க்கும் "த" என்ற ஓரெழுத்தையே சொன்னார். இன்பத்தில் திளைத்த தேவர் அதனைத் தமம், அதாவது புலனடக்கம் என்று விளங்கிக்கொண்டனர். பொருளாசை மிக்க மனிதர் தானம் என்று விளங்கினர். கொடுமை மிக்க அசுரர் தயை என்று விளங்கினர். மூவரும் சரியாகவே விளங்கினீர்கள் என்றார் பிரசாபதி. வானத்து இடி இன்றும் அதே எழுத்தை மும்முறை முழங்குகிறது என்று உபநிடதம் முடிக்கிறது. அந்த மூவரும் மனிதருக்குள்ளேயே இருக்கின்றனர் என்றும் கொள்ளலாம் என்பது சங்கரர் உரை.

இடி என்பது மின்சாரத்தின் விளைவு அல்லவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆம். முகிலில் இருப்பது மின்சாரமே என்பதை முதன்முதலில் காட்டிய பரிசோதனை, பரிஸுக்கு வடக்கேயுள்ள மார்லி-லா-வில் என்னும் ஊரில் 1752 மே 10 இல் நடந்தது. பிராங்கிளின் கூறிய முறைப்படி தலிபார் என்பவர் அங்கே 40 அடி உயர இரும்புக் கம்பியை நிறுத்தியிருந்தார். இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவாயின் வெளியே நிற்கலாகாது, மரத்தடியில் ஒதுங்கலாகாது என்பதையும் சொல்லுங்கள். இடி எப்படி எழுகிறது என்பதை விஞ்ஞானம் சொல்லும். அதைக் கேட்டு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சமயம் சொல்லும்.

அன்றிரவு ஒரே இடியை மூவர் கேட்டோம். மகனுக்கு அது கணக்கு. அம்மாவுக்கு அது ஷெல். எனக்கோ அது சீக்கிரம் ஓய வேண்டிய ஒரு சத்தம் மட்டுமே. கணக்காளன் என்ற வகையில், அம்மாவுக்கு மருந்து, உடுப்பு, பயணச் செலவு எல்லாம் குறைவின்றிக் கொடுத்து வருவதாக நினைத்திருந்தேன். என் செவியை மட்டும் கொடுக்கவில்லை. அதுவே நான் கொடுக்க வேண்டியிருந்த தானம்.

மழை ஓயும் தறுவாயில் அம்மா கேட்டார்: "பாலத்தடியில படுக்கிற பெடியங்கள் என்ன செய்வாங்கள்?"

லாச்சப்பல் மெத்ரோப் பாலத்தின் கீழ் அந்நாட்களில் ஆப்கானிஸ்தான், சூடான் முதலிய நாடுகளிலிருந்து வந்த அகதி இளைஞர்கள் படுத்திருந்தனர். நாள்தோறும் அவர்களைக் கடந்துதான் வேலைக்குச் சென்றேன். என் வாயில் அப்படி ஒரு கேள்வி எழவில்லை.

அன்றிரவு நான் இறங்கிச் செல்லவில்லை. மறுநாள் காலையில் அம்மா தேநீர் ஊற்றித் தந்த இரண்டு பிளாஸ்க்குகளையும் காய்ந்த போர்வைகளையும் எடுத்துக்கொண்டு மகனுடன் போனேன். ஐந்தாறு பேர் நனைந்த உடுப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். தேநீரை வாங்கிய ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார்.

வீடு திரும்பியதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சூடாய்க் குடிச்சவங்களோ?"

அடியார்களே, அடுத்த முறை வானம் இடிக்கும்போது வீட்டிலுள்ள முதியவர்களிடம் பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் இருத்துங்கள். அடக்கமும் ஈகையும் இரக்கமும் நம் இல்லங்களில் நிலைபெற எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.