மோட்டார் கத்துது

ஓசூர் டீக்கடை பெஞ்சில் ஒரே சொல்லை மூன்று வேஷத்தில் கேட்கலாம். இடம் கேட்கிற தமிழர் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்பார். அத்திப்பள்ளியிலிருந்து வந்தவர் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பார். பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் சேசுகோண்டி’ என்பார். ஆங்கிலத்தில் அது தானே நடக்கிற வினைச்சொல். இங்கே வந்ததும் வெறும் பாரமாகிவிடுகிறது. காலமும் மரியாதையும் எங்கள் சொல்லில்தான் ஏறும். கன்னடத்தில் ‘மாடு’ என்றால் செய். எனக்கென்னவோ பாரம் இழுக்கிற வண்டிமாடுதான் ஞாபகம் வரும்.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அப்புறம் டிவிஎஸ், லேலண்ட், டைட்டன் என்று கம்பெனிகள் சேரச் சேர, ஷிஃப்ட், ஓ.டி. (ஓவர்டைம்), சி-ஆஃப் (ஈடுகட்டும் லீவு) என்று பாரமும் கூடியது.

எங்கள் ஆபீஸ் அறையில் இதையே திருப்பிப் போட்டு, தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷ் வால் ஒட்டுவது விளையாட்டு. நைட் ஷிஃப்டில் கண்ணசந்தவனைப் பார்த்து ‘சார் தூங்கிஃபையிங்’ என்போம். கிண்டலுக்குக் ‘கலாய்ச்சிஃபையிங்’. 2011-ல் ‘கொலவெறி’ பாட்டு இப்படிக் கோணல் இங்கிலீஷிலேயே நாடு சுற்றி வந்தபோது, ஏதோ நாங்களே எழுதிய மாதிரி பெருமைப்பட்டோம்.

அதே அறையில்தான் ஒருநாள் ஷிஃப்ட் லாக் புக்கை வைத்துக்கொண்டு சிரித்தோம். கான்ட்ராக்ட் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: ‘மோட்டார் ஈஸ் ஷவுட்டிங்’. நான்தான் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான் என்பது வாசித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அவனும் சிரித்தான், எல்லாரும் சிரிப்பதால்.

நான் வளைத்தால் குறும்பு, அவன் வளைத்தால் பிழை. ‘தூங்கிஃபையிங்’ சொல்கிறவனுக்குச் சரியான இங்கிலீஷும் தெரியும் என்று கேட்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எங்கள் விளையாட்டே நடக்கிறது. டிகிரி சர்டிபிகேட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆடுகிற கபடி அது. பள்ளிக்கூடத்தில் ‘சில்ட்ரன்ஸ்’ என்று சொல்லி வகுப்பு முழுக்கச் சிரிக்க நின்றவன்தான் நானும். என்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேனோ, அன்றைக்கே அதை மறந்திருக்கிறேன்.

அன்று அவன் வரியை அடித்துவிட்டு, மேலே ‘அப்நார்மல் நாய்ஸ்’ என்று அழகான கையெழுத்தில் திருத்தி மெயின்டனன்ஸுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஃபிட்டர் போன் பண்ணினார்.

“சார், அப்நார்மல்னு போட்டிருக்கீங்க. என்ன மாதிரி சத்தம்? உறுமுதா, கத்துதா? கத்துச்சுன்னா பேரிங் எடுத்துட்டு வரணும்.”

நான் கண்ணாடிக் கதவைத் திறந்து அவனைத் தேடிப் போனேன்.