நோவில்லாத நோயும் வேண்டாமென்ற மருந்தும்

நோவு வந்தவன் யாரும் சொல்லாமலே வைத்தியரிடம் ஓடுகிறான். நோவே இல்லாதவனைப் பார்த்து, "உமக்கு நோயிருக்கிறது, இனி ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும்" என்றால் அவன் என் செய்வான்?

பொலிசைதீமியா வேரா என்னும் குருதி நோய் கண்டவர்களிற் பலர் இந்நிலையிலேயே நிற்கின்றனர். வேறெதற்கோ செய்த இரத்தப் பரிசோதனையில் அது வெளிப்படும். சிலருக்குத் தலையிடி இருக்கும். வெந்நீரிற் குளித்தபின் உடம்பு கடிக்கும். சிலருக்கு அதுவும் இராது. ஆயினும் என்பு மச்சை அளவுக்கு மிஞ்சிச் செங்குழியங்களை உண்டாக்குவதால் இரத்தம் தடித்து, உறையும் ஆபத்து வளர்கிறது. உறைந்த இரத்தம் மூளையின் குழாயை அடைத்தாற் பாரிசவாதம். இருதயத்தின் குழாயை அடைத்தால் மாரடைப்பு. இது யாருடைய பாவத்துக்கும் வந்த தண்டனையன்று. பரம்பரை அலகொன்றில் வாழ்நாளின் இடையில் ஏற்படும் விகாரமே பெரும்பாலும் இதற்குக் காரணமென 2005இல் கண்டறியப்பட்டது.

சிகிச்சையோ எளிதாகவே தொடங்குகிறது. இரத்ததானத்திற் போல இரத்தம் எடுத்துவிடுவார்கள். சிறிதளவு அஸ்பிரின் கொடுப்பார்கள். இரத்தத்திற் செங்குழியங்களின் பங்கை 45 வீதத்துக்குக் கீழ் வைத்திருந்தோரிடம் இரத்த உறைவும் அதனால் வரும் மரணமும் வெகுவாகக் குறைந்ததை இத்தாலியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 60 வயதைக் கடந்தவர்க்கும், முன்பு இரத்தம் உறைந்தவர்க்கும் ஹைட்ரொக்சியூரியா என்னும் குளிசையும் சேரும். பயம் பிடிப்பது இங்கேதான். "அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தாமே!" என்று யாரோ சொல்லிவிடுகிறார். குளிசை அலுமாரிக்குள் போய்விடுகிறது. கேட்டால், "ஆண்டவர் விட்ட வழி" என்று பதில் வருகிறது.

இது விசுவாசமா?

எந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவேண்டுமென்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. சாதாரண வழிகளால் உயிரைப் பேணுவது கடமை, அசாதாரண வழிகள் கட்டாயமல்ல என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் வைத்தியர்களுக்கு விளக்கினார். சிகிச்சையின் கடினம், ஆபத்து, செலவு ஆகியவற்றை, கிடைக்கக்கூடிய பலனோடும் நோயாளியின் பலத்தோடும் சேர்த்து நிறுக்கவேண்டுமென விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் அறிவித்தது. நிறுப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! ஹைட்ரொக்சியூரியா இரத்த அணுக்களை மிகையாகக் குறைக்கலாம், வாயிலோ காலிலோ புண் வரலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதனாற்றான் அடிக்கடி இரத்தம் சோதிக்கிறார்கள். இவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேட்பதும், வேறு மருந்துண்டோ என வினவுவதும் அவிசுவாசமல்ல. கேட்டு, நிறுத்து, வேண்டாமென்பவரின் மனச்சாட்சியை மதிக்கலாம். கேளாமலே நாளைக் கடத்திவிட்டு அதற்கு இறைசித்தம் என்று பெயரிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பாரிசவாதம் வந்தபின் தூக்கிப் பராமரிப்பவர்கள் மனைவியும் மக்களும் அல்லவா? சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நோயாளியைச் செபிக்கவும் சொல்கிறது, வைத்தியனுக்கு இடங்கொடுக்கவும் சொல்கிறது.

வீட்டாருக்கும் ஒரு சொல். அரசர்கள் இரண்டாம் நூலில் வரும் நாமான் பெரும் படைத்தலைவன். யோர்தானில் ஏழுமுறை முழுகு என்ற எளிய சொல்லைக் கேட்டதும் கோபித்துத் திரும்பினான். தீர்க்கதரிசி நேரில் வந்து கைநீட்டிக் குணமாக்குவார் என்றல்லவா எண்ணியிருந்தான்! அவனை மனந்திருப்பியவர்கள் அரசரோ எலிசேயுவோ அல்லர், அவனுடைய ஊழியர்கள். அவர்கள் அதட்டவில்லை. "தந்தையே" என்றழைத்து, கடினமான காரியத்தைச் சொல்லியிருந்தாற் செய்திருப்பீரே என்று மெதுவாகக் கேட்டார்கள்.

நோயின் பெயரைப் புதிதாகக் கேட்டவருக்கு மனம் ஆறச் சில நாட்களாவது வேண்டும். அந்நாட்களில் அயலாரின் கதைகளை வீட்டுக்குள் விடாமலிருப்பது நல்லது. அவருடைய கேள்விகளை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு, கிளினிக் நாளில் மகனோ மகளோ கூடப் போகலாம்; பயத்தில் அவர் கேட்க மறந்ததை அவர்கள் கேட்பார்கள்.