தேயும் மூட்டும் தீராக் கடமையும்

உடலைச் செப்பனிடும் அறிவு வளர்ந்துவிட்டால், அது பழுதாகாமல் காக்கும் கடமை குறைந்துவிடுமா?

மூட்டில் எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது குருத்தெலும்பு. இரத்தக் குழாய்கள் இல்லாமையால், தேய்ந்தால் அது எளிதில் ஆறுவதில்லை. அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை, 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர். 2024இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டுகள் கலந்த பொருளொன்றைச் செம்மறியாடுகளின் பழுதுற்ற முழங்கால் மூட்டில் இட்டனர். ஆறு மாதத்திற்குள் புதுக் குருத்தெலும்பு வளரக் கண்டனர். மனிதரிடம் சோதித்துத் தெளிந்த பின்னரே அது மருந்தாகும்.

இம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், சுங்கை சோ வட்டாரத் தோட்டங்களில் பால்மரந்தோறும் குனிந்து நிமிர்ந்து, காண்டாவில் பால்வாளி சுமந்த கால்களை எண்ணிப் பாருங்கள். குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. தேய்வு தொடங்கும்பொழுது வலி தெரியாமல் போகலாம். வலி தெரியும் நாளில் தேய்வு முற்றியிருக்கக்கூடும். உழைப்பாளியின் நிலையும் இதுவே. அவன் முறையிடவில்லை என்பதனால் அவனுக்கு நோகவில்லை என்று பிறர் முடிவு கட்டுகின்றனர்.

நாளை மருந்து வரும் என்பது, இன்று சுமையைக் கூட்டுவதற்கு உரிமையாகாது. வரும் மருந்தும், தேய்ந்த கால்களுக்கு எட்டாத விலையில் இருந்தால் யாருக்குப் பயன்?

மாணவர்களே, 'ஒன்றுமில்லை' என்று பெற்றோர் மறைக்கும் முழங்கால் வலியை இன்றே கேட்டறியுங்கள். அறம் அங்கே தொடங்குகிறது.