பக்கத்து வீடும் பற்று நோட்டும்

1964 ஜூலை 21-ந் தேதி, மீலாது ஊர்வலத்தன்று, சிங்கப்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்குமிடையே கலகம் மூண்டது. 23 பேர் மாண்டனர். பின்னர் தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. 1989 முதல் அரசாங்க அடுக்குமாடிகளில் எல்லா இனத்தாரும் கலந்து குடியிருக்க விகிதமும் வகுத்துள்ளனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினால் மட்டும் நம்பிக்கை வந்துவிடுமா? ஏமாற்ற வழியிருந்தும் ஒருவர் ஏமாற்றாததைக் கண்ட பின்னரே மனம் திறக்கிறது என்பேன்.

துவாஸில் என் கடைக்கு வரும் சீனத் தொழிலாளி ஒருவர், ஆறு மாதம் தலையசைப்போடு சரி. ஒருநாள் பணம் குறைந்தது, பற்று எழுதினேன். (நெஞ்சு இடித்ததை ஒளிப்பானேன்?) சம்பளத்தன்று கொண்டுவந்து வைத்தார். நான் எழுத மறந்த இரண்டு வெள்ளியையும் அவரே நினைவூட்டினார். இப்போது மஃரிபு தொழுகைக்கு நான் எழுந்தால், கல்லாவைப் பார்த்துக்கொள்பவர் அவரே.