பொன்னாக்கும் கல்லும் பொன்னாகும் உள்ளமும்

மந்திரவாதிகளும் மாயக் கற்களும் நிறைந்த மேனாட்டுக் கதைகளை நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர். "இவற்றைப் படிக்க விடலாமா? இது சிஹ்ரு அல்லவா?" என்று கவலையோடு வினவும் பெற்றோர் பலர். சிஹ்ரு பெரும்பாவங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், கதையில் வரும் மாயக் கல்லை மெய்யென நம்புவது வேறு. அக்கல் எதைச் சுட்டுகிறது என்று ஆராய்வது வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டித் தந்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

ஜே. கே. ரௌலிங் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் ஹாரி பாட்டர் வரிசையில் முதல் நூல் 1997-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் கதை ஒரு கல்லைச் சுற்றியே நடக்கிறது. இழிந்த உலோகத்தை அது பொன்னாக்கும். அதிலிருந்து பெறும் அமுதம், அருந்துவோரின் ஆயுளை நீட்டும். அக்கல்லை ஆக்கியவராகக் கதையில் வரும் நிக்கோலாஸ் ஃபிளமெல், உண்மையில் பாரிஸ் நகரில் வாழ்ந்து 1418-இல் மறைந்த ஓர் எழுத்தர். ரசவாதி என்னும் புகழ், அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின் புனையப்பட்டது. ஐரோப்பிய ரசவாதிகள் கருமை, வெண்மை, செம்மை என மூன்று படிகளைக் கூறினர். அவ்வரிசைக் கதைகளின் மாந்தரான சிரியஸ் பிளாக், ஆல்பஸ், ரூபியஸ் என்போரின் பெயர்களில் முறையே அந்நிறங்கள் பொதிந்துள்ளன.

இக்கலையும் இதன் சொற்களும் அரபு மொழி வழியாகவே ஐரோப்பாவை அடைந்தன. 'அல்-கீமியா' ஆல்கெமி ஆயிற்று. 'அல்-இக்ஸீர்' எலிக்ஸிர் ஆயிற்று. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்கள், உலோகங்களெல்லாம் கந்தகமும் பாதரசமும் கூடிப் பிறப்பவை என்றன. ஆயினும், முஸ்லிம் அறிஞர் அனைவரும் இதனை ஏற்றுக்கொண்டாரல்லர். உலோகத்தின் நிறத்தை மாற்றலாம், அதன் இனத்தை மாற்ற இயலாது என்றார் இப்னு சீனா. முறையாக உழைத்துப் பொருளீட்ட மாட்டாதாரின் பேராசையே இக்கலையை நாடச் செய்கிறது என்றார் இப்னு கல்தூன். தம் 'முகத்திமா'வில் அவர் ஒரு செய்தியையும் சுட்டுகிறார்: இயலாது என்ற இப்னு சீனா செல்வம் மிக்க வஜீர், இயலும் என்ற ஃபாராபியோ வறியவர்! ஆசையும் தேவையும் அறிவின் தராசையும் சாய்த்துவிடும் போலும்.

இத்தகைய ஐயத்திற்குரிய ஒரு கலையின் பெயரைத்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் பாரசீக நூலுக்குச் சூட்டினார்கள். 'கீமியாயெ ஸஆதத்', அதாவது நற்பேற்றின் ரசவாதம். செம்பைப் பொன்னாக்கும் வழியை அவர்கள் அதில் கூறவில்லை. விலங்கின் தன்மையில் கிடக்கும் உள்ளத்தை வானவர் தன்மைக்கு உயர்த்தும் வழியையே கூறினார்கள். பொய்யான பொருளை விலக்கி, மெய்யான குறிப்பை எடுத்துக்கொண்டார்கள்.

இனி, கதையின் முடிவுக்கு வருவோம். கல் ஒரு கண்ணாடியினுள் மறைத்து வைக்கப்படுகிறது. அதைக் கண்டெடுக்க விரும்பி, ஆனால் பயன்படுத்த விரும்பாதவன் எவனோ அவன் கைக்கே அது வரும். பொன்னுக்கோ நீண்ட உயிருக்கோ ஏங்குபவன் தன் ஏக்கத்தின் தோற்றத்தை மட்டுமே அக்கண்ணாடியில் காண்பான். ஈற்றில் கல் அழிக்கப்படுகிறது. ஃபிளமெலும் அவர் துணைவியாரும் மரணத்தை மனமுவந்து ஏற்கின்றனர். செயலின் மதிப்பு நிய்யத்தில் இருக்கிறது என்று மதரஸாவின் முதல் வகுப்பிலேயே பயின்ற நமக்கு இது புதிய பாடமன்று.

ஆனால், ஒரு வினாவைக் கதை விடுத்துச் செல்கிறது. ஆசையற்ற உள்ளம் வேண்டும் என்கிறது. அவ்வுள்ளம் எப்படி வாய்க்கும் என்று கூறவில்லை. சிறுவன் கண்ணாடியின் முன் நின்றான், கல் அவன் பைக்குள் வந்தது, அவ்வளவே. நம் வாழ்வு அவ்வளவு எளிதன்று. தன்னை அறிவதும், பொறாமை, பெருமை, பொருட்பற்று ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் களைவதும், அன்றாடம் தன்னைக் கணக்குக் கேட்பதும் இமாம் அவர்கள் காட்டும் வழி. அது ஒரு நொடியில் நிகழும் மாயமன்று. ஆயுள் முழுதும் எரிய வேண்டிய உலை. அதுவும் இறையருள் இன்றிக் கைகூடாது.

ஆகவே, பெற்றோருக்கு யான் கூறுவது இதுதான். பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பறிக்க வேண்டா. படித்து முடித்ததும், "அந்தக் கல் உனக்குக் கிடைத்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அதற்கு முன், அதே வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கடையிலும், கொடுக்கல் வாங்கலிலும், பங்கு பிரிக்கும் வேளையிலும் நம் விடை என்னவாக இருந்தது என்று எண்ணிப் பார்ப்போம். பொன்னாக்கும் கல் உலகில் இல்லை. ஆனால், உரைகல் உண்டு. அதில் நம்மை உரைத்துப் பார்க்கும் துணிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!