ஆறு செவ்வாய், ஒரு வீடு, ஒரு கேள்வி

ஓம் சரவணபவ! முருகா சரணம்!

சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து போனா சொந்த வீடு அமையும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அருணகிரிநாதர் பாடின தலம். கவரைப்பேட்டையில இருந்து பக்கம்தான். நானும் என் மனைவியும் போக ஆரம்பிச்சோம். மூணாவது வாரம் வரிசையில நிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைச்சுது. "வீடு கொடு"ன்னு கேக்கறோமே, எந்தத் தெருவுல, யார் பக்கத்துல கொடுன்னு கேக்கறோம்?

இந்தப் பதிவு அதைப் பத்திதான் நண்பர்களே.

நான் இன்ஜினியரிங் படிச்சது இந்தப் பக்கம்தான். இப்போ ஆபீசுக்கு வாரம் ரெண்டு நாள் போனா போதும். சென்னை வாடகை கட்டுப்படியாகல. கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் இருக்கு, அதனால கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் தேடினோம். சாஃப்ட்வேர்காரன் புத்தி, ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம், பட்டா தெளிவா இருக்கா, டிடிசிபி அப்ரூவல் உண்டா, 2015 டிசம்பர் மழையிலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சு, போர் தண்ணி உப்பா, சிப்காட் புகை எந்தப் பக்கம் அடிக்கும். கடைசி காலத்துல ஒண்ணு எழுதினேன்: "ஆளுங்க எப்படி?"

அந்தக் கடைசி காலம்தான் பிரச்சினை.

சுத்துச்சுவர், கேட், வாட்ச்மேன் எல்லாம் வெச்ச ஒரு மனைப்பிரிவைக் காட்டின புரோக்கர், குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னார். "சார், இங்க எல்லாம் டீசன்ட் ஃபேமிலி. கம்பெனி வேலைக்கு வர்ற வடநாட்டுப் பசங்களுக்கு யாரும் வீடு விட மாட்டாங்க. எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"நம்ம ஆளுங்க"ன்னா யாருன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. இதை மறைக்காம எழுதணும்: அந்த நொடி எனக்குக் கோபம் வரல, நிம்மதிதான் வந்துச்சு. தலையாட்டினேன். வண்டியில திரும்பி வரும்போதுதான் நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துச்சு. நெத்தியில திருநீறு இருந்தது, அன்னைக்கும் செவ்வாய்க்கிழமை.

பாதுகாப்பைத் தேடறது தப்பான்னு நீங்க கேக்கலாம். தப்பே இல்ல. இதை வீட்டுல சொன்னப்போ என் மனைவி சொன்னது இது: "நீங்க தத்துவம் பேசுங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து நடந்து வரப்போறது நான்." நியாயமான வார்த்தை. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ரொம்ப யோசிச்சு ஒரு சோதனை கண்டுபிடிச்சேன். நாம கேக்கற கேள்வியை, யாரைப் பத்தி கேக்கறோமோ அவங்க முன்னாடியே நின்னு சத்தமா கேக்க முடியுமா? "தெருவிளக்கு எரியுமா? ராத்திரி பெண்கள் நடக்கறாங்களா?" இதை டீக்கடையில, யார் இருந்தாலும் கேக்கலாம். கேட்டா அவங்களும் சேர்ந்து பதில் சொல்வாங்க. "நம்ம ஆளுங்களா?"ன்னு மட்டும் சத்தமா கேக்க முடியாது. காதோரமாத்தான் கேக்கணும். முதல் கேள்வி இடத்தைப் பத்தினது. ரெண்டாவது, ஒருத்தரோட பிறப்பைப் பத்தினது.

நம்ம முருகனையே எடுத்துக்கோங்க. நம்ம மாவட்டத்துலயே திருத்தணி இருக்கு. சினம் தணிஞ்சு, வள்ளியை மணம் புரிஞ்ச மலை. தேவர்களோட சேனாபதி, தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண்ணைத் தேடிப் போனார். வேடனா வந்தார், கிழவனா வந்தார். அந்தக் கோலத்துல இந்த மனைப்பிரிவு கேட்டுக்கு வந்திருந்தா வாட்ச்மேன் உள்ள விட்டிருப்பாரா? வள்ளி வீட்டாருக்கு அங்க யாராவது வாடகைக்குக் கொடுத்திருப்பாங்களா? அவர் படத்தை ஹால்ல மாட்டிக்கிட்டு, அவர் சொந்தக்காரங்க உள்ள வரக்கூடாதுன்னு கேட்டைப் பூட்டினா என்ன அர்த்தம்?

இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. ராத்திரி எட்டரை மணி வாக்குல மைசூர் - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில லூப் லைன்ல நின்ன சரக்கு ரயில் மேல மோதிச்சு. பெட்டிகள் தடம் புரண்டு தீப்பிடிச்சுது. பலருக்குக் காயம், முருகன் புண்ணியத்துல உயிர்ச்சேதம் இல்ல. சத்தம் கேட்டு முதல்ல ஓடினது அக்கம்பக்கத்து ஜனங்கதான். இருட்டுல ஆட்களை வெளிய இழுத்தாங்க. தண்ணி கொடுத்தாங்க.

அந்த ரயில் பீகார் போற ரயில். அதாவது, எந்த "வடநாட்டுப் பசங்க"ளுக்கு வீடு இல்லைன்னு புரோக்கர் உத்தரவாதம் கொடுத்தாரோ, அவங்க ஊருக்குப் போற ரயில். அன்னைக்கு யாரும் "நீ எந்த ஊரு"ன்னு கேட்டுட்டுக் கை நீட்டல. ஒரு ஊர் நல்ல ஊரான்னு அந்த மாதிரி ராத்திரியிலதான் தெரியும். என் எக்செல்ல அதுக்குக் காலம் இல்ல.

கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. முப்பது வருஷத்துக்கும் மேல அங்கேயே இருக்கற குடும்பங்கள் உண்டு. கதிர்காமக் கந்தனைக் கும்பிட்ட மண்ணுல இருந்து வந்தவங்க. அவங்க யாரும் எக்செல் போட்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கல. "எங்க குடியேறலாம்?"னு யோசிக்க முடியறதே ஒரு வரம்தான். அந்த வரத்தை வெச்சு மத்தவங்களை வடிகட்டறது எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

கடைசியில என்ன பண்ணோம்? மனை வாங்கல. ஸ்டேஷன் பக்கம் ஒரு சாதாரணத் தெருவுல வீடு பார்த்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு மூணு நாள் ரெண்டு பேரும் நடந்து பார்த்தோம். "சரி"ன்னு அவங்கதான் முடிவு பண்ணாங்க, நான் இல்ல. மாடியில ஒடிசாப் பசங்க நாலு பேர், சிப்காட்ல ஷிப்ட் வேலை. எல்லாம் சினிமா மாதிரி இனிப்பா இல்ல. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து பக்கெட்டை உருட்டுவாங்க. தண்ணி மோட்டாருக்கு ஒரு தடவை சண்டையே வந்துச்சு. உக்கார்ந்து பேசி டைம் பிரிச்சுக்கிட்டோம். இப்போ ராத்திரி மழை வந்தா, எங்க வீட்டுக் கொடியில காயற துணியையும் அவங்களே எடுத்து வெச்சிடறாங்க.

ஆறாவது செவ்வாய் சந்நிதியில நின்னப்போ வீடு கேக்கல. "முருகா, நாங்க எந்தத் தெருவுக்குப் போனாலும், அந்தத் தெரு எங்களைப் பார்த்து பயப்படாம இருக்கணும்"னு மட்டும் கேட்டேன்.

சொந்த வீடு இன்னும் அமையல. அவர் கொடுக்கும்போது கொடுக்கட்டும். நீங்க அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது, காதோரமா ஒரு கேள்வி வாயில வந்தா, ஒரு நிமிஷம் வள்ளியை நினைச்சுக்கோங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!